வேறொரு நாட்டின் உள்நாட்டுப் போரில்: ஒரு போலந்துக் கர்னலின் தடத்தில்

வியாழன், வாஷிங்டன்

வெள்ளை மாளிகைக்கு எதிரே, லஃபாயெட் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் ததேயுஷ் கொஷ்சியுஷ்கோவின் சிலை இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃபிரீடம் பிளாசாவில் குதிரைமேல் காசிமிர் புலாஸ்கி. இருவருமே அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட போலந்துக்காரர்கள். 1910 மே மாதம் ஒரே நாளில் இரண்டு சிலைகளையும் திறந்திருக்கிறார்கள். கொஷ்சியுஷ்கோ 1798இல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது ஓர் உயில் எழுதி வைத்தார். இங்கே தனக்குச் சேரவேண்டிய பணத்தில் அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவித்துப் படிக்கவைக்க வேண்டும் என்று நண்பர் தாமஸ் ஜெஃபர்சனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஜெஃபர்சன் அதை நிறைவேற்றவில்லை.

இந்த வாரம் நாங்கள் தேடிப் போகும் மனிதர் இந்த இருவரின் வரிசையில் வரவேண்டியவர். வ்வோஜிமியெஷ் க்ஷிஷனோவ்ஸ்கி. 1824 ஜூலை 8 அன்று பிரஷ்யாவின் பிடியில் இருந்த போலந்துப் பகுதியில், ரொஷ்னோவோ என்ற ஊரில் பிறந்தார். அவர் பிறந்தபோது போலந்து என்று ஒரு சுதந்திர நாடே வரைபடத்தில் இல்லை. 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் கடைசித் துண்டுவரை பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 1846இல் ஒரு கிளர்ச்சிக்கு இளைஞர்கள் திட்டமிட்டார்கள். அது தொடங்கும் முன்பே பிரஷ்யக் காவல்துறை மோப்பம் பிடித்துத் தலைவர்களைச் சிறையில் தள்ளியது. அதில் சேர்ந்திருந்த இவர் தப்பி நியூயார்க் வந்துசேர்ந்தார். வயது 22கூட நிரம்பியிருக்காது. ஆங்கிலம் கற்றார், சர்வேயர் ஆனார், ரயில் பாதைகளுக்கு நிலம் அளந்தார், 1854இல் கேரலின் பர்னெட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார், வாஷிங்டனில் குடியேறினார்.

அடிமை முறையைக் கைவிட விரும்பாத தென்மாநிலங்கள் பிரிந்துபோய், வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1861 ஏப்ரல் 15 அன்று அதிபர் லிங்கன் 75,000 தன்னார்வப் படைவீரர்களைக் கேட்டு அறிவிப்பு விடுத்தார். இரண்டே நாளில் க்ஷிஷனோவ்ஸ்கி பெயர் கொடுத்துவிட்டார், சாதாரணச் சிப்பாயாக. குடும்பம், தொழில், 36 வயது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் பிறந்த மண்ணும் அது இல்லை. இது ஏன் நடந்தது என்று புரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணமே.

மாலை கிளம்பி மேற்கே ஹாரிசன்பர்க் வந்துவிட்டோம். வண்டி ஓட்டியது மச்சான். மனைவியின் அண்ணன், போர் வரலாறு என்றால் அவருக்கு ஆகாது, இலையுதிர்கால மலைகளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

வெள்ளி, கிராஸ் கீஸ்

ஷெனன்டோவா பள்ளத்தாக்கு. மலைச்சரிவெல்லாம் செம்மஞ்சள். தாழ்வாரம்போல் நீண்ட கோழிப் பண்ணைக் கொட்டகைகள், மாட்டுப் புல்வெளிகள். கிராஸ் கீஸ் போர்க்களம் பெரும்பாலும் இன்னும் விவசாய நிலம்தான். சாலையோரம் சில விளக்கப் பலகைகள், அவ்வளவே.

சிப்பாயாகச் சேர்ந்தவர் பிறகு கர்னலாகி நடத்திய ரெஜிமெண்ட் (காலாட்படைப் பிரிவு) முதல்முறையாகப் பெரிய சண்டையைக் கண்டது இங்கே, 1862 ஜூன் 8 அன்று. 58ஆம் நியூயார்க் காலாட்படை என்பது அதன் அரசாங்கப் பெயர். 'போலிஷ் லீஜன்' என்பது அழைக்கப்பட்ட பெயர். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆள் சேராத நாலைந்து சிறு படைகளை ஒன்றாக்கி 1861 இலையுதிர்காலத்தில் அமைத்தது அது. போலந்துக்காரர்களைவிட ஜெர்மானியர்கள் அதிகம். டேனிஷ், பிரெஞ்சு, இத்தாலிய, ரஷ்ய ஆட்களும் இருந்தார்கள். ஐரோப்பாவில் 1846, 1848 கிளர்ச்சிகளில் தோற்று ஓடிவந்த பலருக்கு நியூயார்க்தான் கரை. அந்தக் கரையில் திரட்டிய படை இது.

அன்றைய போரில் வடக்குத் தரப்பு தோற்றது. ஆனால் க்ஷிஷனோவ்ஸ்கியின் ஆட்கள் தங்களை நோக்கி வந்த எதிரிகளைப் பயனெட் (துப்பாக்கியில் பொருத்தும் கத்தி) முனையில் பின்தள்ளினார்கள். பிறகு பின்வாங்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. ஜெயித்த இடத்தை விட்டுக் கிளம்பும் இந்த அனுபவம் இனி அவருக்குப் பழகப்போகிறது.

மதியம் ஒரு வேலியோரம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். நிலத்துக்காரர் வண்டியை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். போலந்துக் கர்னலைப் பற்றிச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. தெற்குத் தளபதி ஜாக்சனின் பீரங்கிகள் எந்த மேட்டில் நின்றன என்று மட்டும் கை நீட்டிக் காட்டினார்.

சனி, மனாசஸ்

போர்க்களப் பூங்காவின் வடக்கில், மரங்களுக்கு இடையே ஒரு மண்கரை ஓடுகிறது. அரைகுறையாக நின்றுபோன ரயில்பாதை. தண்டவாளம் போடவே இல்லை. மண்ணை வெட்டியும் நிரப்பியும் பாதையை மட்டும் தயார் செய்திருந்தார்கள். 1862 ஆகஸ்ட் இறுதியில் ஸ்டோன்வால் ஜாக்சனின் தெற்குப் படை இந்தக் கரைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. ரயில்பாதை அளந்து பிழைத்த சர்வேயருக்கு இந்த மேடும் வெட்டும் எப்படிப்பட்ட கோட்டை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஆகஸ்ட் 29 காலை, மூன்று ரெஜிமெண்ட்கள் கொண்ட பிரிகேடோடு அவர் இந்தக் காட்டுக்குள் நுழைந்தார். எதிரே கிரெக்கின் தென் கரோலினா பிரிகேட். முன்னேறுவதும் தள்ளப்படுவதும் மறுபடி முன்னேறுவதுமாக மதியம்வரை நீடித்தது.

கரையின் மேல் ஏறி நின்றால் ஐம்பதடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும் பாதி இலை உதிர்ந்துவிட்டது. ஆகஸ்டில், துப்பாக்கிப் புகையோடு, எப்படி இருந்திருக்கும்!

மறுநாள் தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட் பக்கவாட்டில் பெரும்படையோடு பாய்ந்தார். சின் ரிட்ஜ் என்ற மேட்டில் வடக்குப் படை பிரிகேட் பிரிகேடாக வந்து நின்று நேரம் வாங்கியது. க்ஷிஷனோவ்ஸ்கியும் கோல்ட்டெஸ் என்ற ஜெர்மானியக் கர்னலும் தங்கள் பிரிகேடுகளோடு அங்கே அனுப்பப்பட்டார்கள். கோல்ட்டெஸ் குண்டுபட்டு இறந்தார். அவர்கள் வாங்கித் தந்த நேரத்தில்தான் மற்றவர்கள் ஹென்றி குன்றில் அணிவகுத்தார்கள், படை அழியாமல் தப்பியது. சின் வீட்டின் கல் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து மச்சான் முதல்முறையாகக் கேள்வி கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு பண்ணினவருக்கு ஜெனரல் பதவி குடுத்தாங்களா?"

கொடுத்தார்கள், பறித்தார்கள். அந்த நவம்பரில் லிங்கன் அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக நியமித்தார். செனட் ஒப்புதல் தரவில்லை. 1863 மார்ச்சில் நியமனம் காலாவதியானது. அவர் பெயரை உச்சரிக்க செனட்டில் ஆள் இல்லாததுதான் காரணம் என்று அவருடைய மேலதிகாரி கார்ல் ஷூர்ஸ் பின்னாளில் எழுதினார். எல்லோரும் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. கர்னல் பட்டத்தோடு, ஜெனரல் செய்யவேண்டிய வேலையை அவர் போர் முடியும் காலம்வரை செய்தார்.

ஞாயிறு, சான்ஸலர்ஸ்வில்

ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கிலிருந்து மேற்கே போகும் 3ஆம் எண் சாலையில் கடைத்தொகுதிகள் முடிந்ததும் காடு தொடங்குகிறது. 'வில்டர்னஸ்' என்றே பெயர். பார்வையாளர் மையத்தின் அருகில் ஜாக்சன் சுடப்பட்ட இடத்துக்கு 1888இல் வைத்த நினைவுத்தூண். இங்கே வருகிறவர்கள் அனேகமாக அவருக்காகத்தான் வருகிறார்கள். நாங்கள் அங்கே நிற்காமல் இன்னும் மேற்கே, வில்டர்னஸ் சர்ச் பக்கம் போனோம். ஹாக்கின்ஸ் பண்ணை நிலம் அந்த சர்ச்சுக்கு வடக்கே.

1863 மே 2. வடக்குப் படையின் வலது ஓரத்தில் ஜெனரல் ஹோவர்டின் 11ஆம் கோர் (பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு); க்ஷிஷனோவ்ஸ்கியின் பிரிகேடும் அதில்தான். பெரும்பகுதி தெற்கே பார்த்து நின்றது. ஜாக்சன் காட்டுவழியே நாள் முழுக்கச் சுற்றி மேற்கே வந்துகொண்டிருந்தார். காவல் வீரர்கள் மறுபடி மறுபடி தகவல் அனுப்பினார்கள். மேலிடத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. ஷூர்ஸ் மட்டும் தன் பொறுப்பில் சில ரெஜிமெண்ட்களை மேற்கே திருப்பி நிறுத்தினார். அவற்றில் இரண்டு க்ஷிஷனோவ்ஸ்கியின் பிரிகேடைச் சேர்ந்தவை: 58ஆம் நியூயார்க், 26ஆம் விஸ்கான்சின். விஸ்கான்சின்காரர்கள் மில்வாக்கி ஜெர்மானியர்கள். அன்றுதான் அவர்களுக்கு முதல் போர்.

மாலை 5 மணிக்கு மேல், இரவுச் சமையலுக்கு அடுப்பு மூட்டியிருந்த நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து மான்களும் முயல்களும் ஓடிவந்தன. அவற்றின் பின்னால் ஜாக்சனின் ஆட்கள். மேற்கு ஓரத்தில் இருந்தவர்களுக்குத் துப்பாக்கியைத் தூக்கக்கூட நேரமில்லை. ஹாக்கின்ஸ் பண்ணையில் அந்த இரண்டு ரெஜிமெண்ட்களும் சுமார் 20 நிமிடம் நின்றன. 58ஆம் நியூயார்க்கை அன்று நடத்திய கேப்டன் பிரவுன் தொடக்கத்திலேயே படுகாயமடைந்து பின்னர் இறந்தார். மூன்று பக்கமும் சூழப்பட்ட பிறகே க்ஷிஷனோவ்ஸ்கி பின்வாங்கச் சொன்னார்.

நான் அந்த வயலின் ஓரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி 20 நிமிடம் நின்று பார்த்தேன். நீளமான நேரம். சாலையில் எத்தனையோ வண்டிகள் போய்விட்டன.

அடுத்த வாரமே பத்திரிகைகள் தோல்விக்கு ஆள் கண்டுபிடித்துவிட்டன. 'பறக்கும் டச்சுக்காரர்கள்' என்று எழுதினார்கள்; அன்று ஜெர்மானியர்களை 'டச்சு' என்றுதான் அழைப்பார்கள். ஜெர்மானியரும் போலந்துக்காரரும் எல்லோரும் அந்த ஒரு பெயருக்குள். வெளிநாட்டான் ஓடிவிட்டான், அதனால் தோற்றோம். எச்சரிக்கையை ஒதுக்கியவர்கள் அனைவரும் இந்த மண்ணில் பிறந்த ஜெனரல்கள். ஷூர்ஸ் விசாரணை கேட்டார். நடக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். இந்த நாளைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் வதைப்பது அதுதான். 1863 ஜனவரியில், ரஷ்யப் பிடியில் இருந்த போலந்தில் பெரும் கிளர்ச்சி வெடித்திருந்தது. இவர்கள் வர்ஜீனியக் காட்டில் நின்ற அதே வாரங்களில் அங்கே கிராமத்து ஆட்கள் அரிவாளோடு ரஷ்யப் படையை எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யாவுக்கு எதிராகக் குரல் கொடுக்கப் பிரான்ஸ் அமெரிக்காவையும் அழைத்தது. வெளியுறவுச் செயலர் சீவர்ட் மறுத்தார். மறுப்புக் கடிதத்தின் தேதி மே 11. ஹாக்கின்ஸ் பண்ணைச் சண்டை முடிந்து ஒன்பது நாள். லிங்கன் அரசுக்கு ஐரோப்பாவில் நட்பான பெரிய வல்லரசு ரஷ்யா மட்டுமே. அந்த நட்பை அவர்களால் இழக்க முடியாது. செப்டம்பரில் ரஷ்யக் கப்பற்படை நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது விருந்து வைத்து வரவேற்றார்கள்.

"அப்போ இவர் ஊருக்குக் கிளம்பியிருக்கலாமே மாப்பிள்ளை? அங்கே அவர் ஆளுங்க சாகிறாங்க. இங்கே இவரைக் கோழைன்னு எழுதுறாங்க."

"போகலை மச்சான். இவர் சேர்த்த ஆட்கள் இங்கே இருந்தாங்க."

என் பதில் எனக்கே போதவில்லை. வாஷிங்டன் திரும்பும் வழியெல்லாம் இதையே பேசினோம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அன்று மாலை ஜாக்சனோடு காட்டிலிருந்து வந்த படையில் 14ஆம் லூசியானா ரெஜிமெண்டும் இருந்தது. அதைத் திரட்டியவர் காஸ்பர் தோக்மன், 1830 போலந்துக் கிளர்ச்சியில் சண்டையிட்டு அமெரிக்கா வந்த வழக்கறிஞர். நியூ ஆர்லியன்ஸில் 'போலிஷ் பிரிகேட்' என்ற பெயரில் ஆள் சேர்த்தார். பெரிய அரசு சிறிய தேசத்தை விழுங்குவதைப் போலந்தில் பார்த்தவன் தெற்கின் உரிமைக்காகத்தான் நிற்கவேண்டும் என்பது அவர் வாதம். ஒரே காயம், இரண்டு முடிவுகள். தோக்மனின் வாதத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அதில் 40 லட்சம் அடிமைகளுக்கு இடமே இல்லை. 1831இல் வார்சா வீதிகளில் 'எங்கள் விடுதலைக்கும் உங்கள் விடுதலைக்கும்' என்று பதாகை எழுதிப் போனார்கள் போலந்துக்காரர்கள். அந்த வரிக்கு உண்மையாக இருந்தவர் க்ஷிஷனோவ்ஸ்கிதான்.

திங்கள், கெட்டிஸ்பர்க்

காலையிலேயே கூட்டம். பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சள் பேருந்துகள் எல்லாம் தெற்கே, தெற்குப் படையின் ஜெனரல் பிக்கெட்டின் தாக்குதல் நடந்த வயலுக்குப் போகின்றன. நகரத்தின் வடக்கே, ஹோவர்ட் அவென்யூவில், எங்களைத் தவிர நாயோடு நடந்துபோன ஒரு பெண்மணி மட்டுமே. 58ஆம் நியூயார்க்கின் நினைவுக்கல் இந்தச் சாலையில்தான். சுற்றிலும் மேடு பள்ளமே இல்லாத வெட்டவெளி. ஒளிய ஒரு மரம் கிடையாது.

1863 ஜூலை 1 மதியம் க்ஷிஷனோவ்ஸ்கியின் பிரிகேட் இந்த வெளியில் ஜார்ஜியப் படையோடு மோதியது. நேருக்கு நேர், மறைவே இல்லாமல். 75ஆம் பென்சில்வேனியாவின் கர்னல் மாஹ்லர் படுகாயமடைந்து இறந்தார். அவர் ரெஜிமெண்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஐந்து ரெஜிமெண்ட் தளபதிகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காயப்பட்டார்கள். க்ஷிஷனோவ்ஸ்கியின் குதிரை குண்டடிபட்டு அவரைத் தூக்கி எறிந்தது. நெஞ்சில் அடி. களத்தைவிட்டுப் போக மறுத்துவிட்டார். வலதுபுறம் சரிந்ததும் எல்லோரும் நகரத்து வீதிகள் வழியே கல்லறைக் குன்றுக்குப் பின்வாங்கினார்கள். அந்த நெரிசலில் ஷிம்மெல்ஃபென்னிக் என்ற ஜெனரல் ஒரு வீட்டின் பின்முற்றத்தில் பன்றிக் கொட்டிலருகே ஒளிந்து ஜூலை 4 வரை கிடந்தார்.

மறுபடியும் அதே வசை. 'மறுபடி ஓடிவிட்டார்கள்.'

அதனால்தான் மச்சானைக் கட்டாயப்படுத்தி மாலை கிழக்குக் கல்லறைக் குன்றுக்கு அழைத்துப்போனேன். வடக்குப் படையின் வீட்ரிக் நடத்திய பீரங்கிகளுக்கு எழுப்பிய மண் அணைகள் அப்படியே இருக்கின்றன. ஜூலை 2, இருட்டும் நேரம், 'லூசியானா டைகர்கள்' என்ற தெற்குப் படையினர் கீழேயிருந்து ஏறிவந்து பீரங்கிகளுக்கு நடுவே புகுந்துவிட்டார்கள். பஃபலோ நகரத்து ஜெர்மானியப் பீரங்கி வீரர்கள் குண்டு திணிக்கும் கம்புகளாலும் கற்களாலும் அடித்தார்கள். ஷூர்ஸும் க்ஷிஷனோவ்ஸ்கியும் 58, 119ஆம் நியூயார்க் ரெஜிமெண்ட்களோடு குன்றின் மேற்கிலிருந்து ஓடிவந்தார்கள். முந்தைய நாள் நெஞ்சில் அடிபட்டவர். பயனெட்டோடு பாய்ந்து டைகர்களைச் சரிவில் தள்ளினார்கள். இந்தக் குன்று போயிருந்தால் வடக்குப் படையின் அணி நடுவே பிளந்திருக்கும்.

குன்றின் சரிவு நான் நினைத்ததைவிடச் செங்குத்து. மச்சான் கீழே இறங்கி, மேலே ஓடி ஏறிப் பார்த்தார். மூச்சு வாங்க நின்று, "இருட்டுல, துப்பாக்கியோட…" என்றார். மேலே சொல்லவில்லை.

லிங்கன் இங்கே உரையாற்றியது 1863 நவம்பர் 19. அன்று க்ஷிஷனோவ்ஸ்கியும் அவர் ஆட்களும் இங்கே இல்லை. 11ஆம் கோரையும் 12ஆம் கோரையும் செப்டம்பர் கடைசியில் ரயிலேற்றித் தெற்கே டென்னசிப் பக்கம் அனுப்பியிருந்தார்கள்; 20,000க்கும் மேற்பட்ட ஆட்கள், சுமார் 1,200 மைல்.

செவ்வாய், ஆர்லிங்டன்

ஆர்லிங்டன் கல்லறை அமைந்திருக்கும் நிலம் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீயின் மனைவி வழிச் சொத்து. 1861இல் வடக்குப் படை கைப்பற்றியது. 1864இல் வீரர்களைப் புதைக்கத் தொடங்கினார்கள். மனாசஸிலும் சான்ஸலர்ஸ்விலிலும் தன்னைத் தோற்கடித்த தளபதியின் தோட்டத்தில் க்ஷிஷனோவ்ஸ்கி இருக்கிறார். அதே 1ஆம் பிரிவில் ஆப்னர் டபிள்டேயும் உண்டு. கெட்டிஸ்பர்க்கின் முதல் நாளில் பக்கத்து கோரை நடத்தியவர்.

ஜெனரல் பட்டம் கௌரவப் பட்டமாக 1865 மார்ச் 2 அன்று வந்தது, போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது. பிறகு கருவூலத் துறையிலும் சுங்கத்திலுமாக ஊர் ஊராக வேலை. தென்மாநிலங்கள், மேற்குக் கரை, பனாமா, கடைசியில் நியூயார்க். 1880களில் தன் அமெரிக்க வாழ்க்கையைப் போலிஷ் மொழியில் எழுதினார். அது வார்சா இதழ் ஒன்றில் தொடராக வந்தது. 1887 ஜனவரி 31 அன்று இறந்தார். ஷூர்ஸ் இரங்கலுரை ஆற்றினார். புரூக்ளினில் கிரீன்வுட் கல்லறையில் அடக்கம்.

ஐம்பது ஆண்டு கழித்து, 1937 அக்டோபர் 11 அன்று இங்கே கொண்டுவந்தார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். போலந்து அதிபர் மோஷ்சித்ஸ்கியும் பேசினார். அதாவது, பேசுவதற்குப் போலந்து என்ற நாடும் அதற்கொரு அதிபரும் அப்போது இருந்தார்கள். க்ஷிஷனோவ்ஸ்கி உயிரோடிருந்த 62 ஆண்டுகளில் ஒருநாள்கூட அப்படி இருந்ததில்லை.

ஞாயிறன்று மச்சான் கேட்டதற்கு இப்போது வேறு பதில் வைத்திருக்கிறேன். 1846இல் சண்டை தொடங்கும் முன்பே அவருடைய படை கலைந்துவிட்டது. 21 வயதில் அவருக்குக் கிடைக்காத போர் 36 வயதில் இன்னொரு நாட்டில் கிடைத்தது; விடுவிக்கப்படவேண்டிய மனிதர்கள் அங்கேயும் இருந்தார்கள். வசை வந்தபோதும் பட்டம் பறிபோனபோதும் சீவர்ட் கடிதம் எழுதியபோதும் அவர் அந்த மனிதர்களை விட்டுப் போகவில்லை. மச்சானிடம் சொன்னேன். "இது நல்லாருக்கு மாப்பிள்ளை" என்றார். பிறகு, "ஆனா அவர் ராத்திரி தூங்கியிருப்பாரா?" என்று கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: பார்வையாளர் மையத்தில் கல்லறை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், 1ஆம் பிரிவு மேற்கு ஓரத்தில், ஃபோர்ட் மையர் பக்கம். மையத்திலிருந்து நல்ல ஏற்றம், தண்ணீர் எடுத்துப் போங்கள். ரயிலேறித் தெற்கே போனபின் அவர் இருந்த டென்னசியின் சட்டநூகாவும் அலபாமாவின் பிரிட்ஜ்போர்ட்டும் எங்களுக்கு இன்னும் பாக்கி. வசந்தத்தில் போகத் திட்டம், இந்த முறை மச்சானே கேட்டுக்கொண்டு வருகிறார். சட்டநூகாவில் மிஷனரி ரிட்ஜ் பக்கம் தங்கியவர்கள் யாராவது இருந்தால் நல்ல இடம் சொல்லுங்கள்.